ஆற்றில் ஏறி வரும் உரம்

மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களை என் அம்மாவுக்குப் பிடிக்காது. அது கறிவேப்பிலைக்குச் சேர வேண்டியது என்பது அவருடைய சட்டம். தலை, செவுள், குடல் எல்லாம் பச்சை மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் பூனை தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கப்படும். ஜொகூரில், சிகாமட் மாவட்டத்தின் தெற்கு மூலையில் இருக்கும் சாஆ எங்கள் ஊர். அம்மாவின் கறிவேப்பிலை மரத்துக்கு எங்கள் தாமானில் தனி மரியாதை. யார் வீட்டில் விருந்தென்றாலும் ஒரு கொத்து கேட்டு ஆள் வந்துவிடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், அல்லது இருந்திருப்பார்.

சாஆ கடலோர ஊர் அல்ல. சுற்றிலும் செம்பனை. நான் சிறுமியாக இருந்தபோது பத்து பகாட் பக்கத்திலிருந்து மோட்டாரில் ஒரு மீன்காரர் வருவார். பின்னால் பெரிய பெட்டி, அதில் ஐஸ், கெம்போங், சாளை, சில நாள் தெங்கிரி. அவர் ஹாரன் அடித்தால் லயத்தில் இருந்த அத்தனை பூனைகளும் வெளியே வந்துவிடும். கடலிலிருந்து எங்கள் மண்ணுக்கு வந்த ஒரே பொருள் அந்தப் பெட்டியில்தான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெறும் மீன்.

நான் கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளராக இருக்கிறேன். காலை நிகழ்ச்சியில் இரண்டு நிமிடத்துக்கு ஏதாவது ஒரு அறிவியல் தகவல் சொல்ல வேண்டும். அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் சால்மன் மீனின் கதை. இரண்டு நிமிடத்தில் அது அடங்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன்.

சால்மன் என்றதும் சூஷி நினைவுக்கு வரும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளின் பண்ணைகளில் வளர்ந்த அட்லாண்டிக் சால்மன். நான் சொல்ல வருவது அதன் உறவினரான பசிபிக் சால்மனை. அலாஸ்கா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் பகுதிகளில் மலை ஓடைகளில் அது பிறக்கிறது. சிறு குஞ்சாகக் கடலுக்கு இறங்குகிறது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, இனத்தைப் பொறுத்து அதற்கும் மேலாகக் கடலில் தின்று கொழுக்கிறது. உடல் எடையில் 100க்கு 90 பங்குக்கு மேல் கடல் கொடுத்ததுதான். பிறகு ஒரு நாள், பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிறது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு சாப்பாடு கிடையாது. உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே மேலே போகிறது. போய்ச் சேர்ந்ததும் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிடுகிறது. சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரங்களில் இறந்துவிடுகிறது. ஆணும் பெண்ணும், ஒன்றுகூட மிஞ்சாது.

ஒரு சிறிய ஓடையில் ஆயிரக்கணக்கான செத்த மீன்கள். நாற்றம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த மலை ஓடைகளுக்கு அதுதான் சாப்பாடு. குளிர்ந்த, தெளிந்த, கல்லில் ஓடும் தண்ணீரில் சத்து குறைவு. ஆறு என்பதே மேலே இருப்பதையெல்லாம் கரைத்துக் கீழே கொண்டு போகிற ஒரு வேலை. எங்கள் பக்கத்துத் தண்ணீரும் அப்படித்தான், பத்து பகாட் வழியாக மலாக்கா நீரிணைக்குப் போய்விடுகிறது. கீழே போனதை மறுபடி மேலே கொண்டுவர யார் இருக்கிறார்கள்? பறவைகள் கொஞ்சம் கொண்டுவரும். கூட்டம் கூட்டமாக, ஆண்டு தவறாமல் கொண்டுவருவது இந்த மீன்தான்.

செத்த மீனைப் புழு தின்கிறது, நீர்ப்பூச்சி தின்கிறது, பாசி அதன் சத்தை எடுத்துக்கொள்கிறது. அடுத்த வசந்தத்தில் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் அந்தப் பூச்சிகளைத் தின்று வளர்கின்றன. பெற்றோரின் உடம்பையே சுற்றி வளைத்துச் சாப்பிடுகின்றன என்றுகூடச் சொல்லலாம். கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் அவ்வளவு சங்கடம் தேவையில்லை என்பது என் எண்ணம். நம் பெற்றோரின் உடம்பைத் தேய்த்துத்தானே நாமும் படித்தோம்.

அங்கே கரடிகளும் உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் ரைம்ஹன் என்ற விஞ்ஞானி, ஹைடா குவாய் தீவுகளில் இரவிலும் உட்கார்ந்து கரடிகளைக் கவனித்தார். ஒரு பருவத்தில் ஒரு கரடி சுமார் 700 மீன் பிடிக்கிறது. பிடித்ததை ஓடையிலேயே வைத்துச் சாப்பிட்டால் இன்னொரு கரடி பிடுங்கிக்கொள்ளும். அதனால் காட்டுக்குள் இழுத்துப் போகும். அங்கே மூளையையும் முட்டையையும் ருசித்துவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கல்யாண வீட்டில் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுகிற நம் ஆட்களைப்போல. அந்த மிச்சம் மரத்தடியில் கிடந்து மக்குகிறது.

சரி, மக்கியது மரத்துக்குள் போனது என்று எப்படித் தெரியும்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நைட்ரஜன் அணுவில் எடை குறைந்தது ஒன்று, எடை கூடியது ஒன்று. கூடியதை நைட்ரஜன் 15 என்கிறார்கள். கடலில் பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன இந்தக் கனமான நைட்ரஜன் உடம்பில் கூடிக்கொண்டே போகும். மலைக்காட்டு மண்ணில் அது குறைவு. ஆகவே மலையில் நிற்கும் ஒரு மரத்தின் இலையில் நைட்ரஜன் 15 அதிகமாக இருந்தால், கடல் அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஜேம்ஸ் ஹெல்ஃபீல்ட், ராபர்ட் நைமன் இருவரும் அலாஸ்காவில் அளந்து 2001இல் வெளியிட்ட கணக்கின்படி, சால்மன் முட்டையிடும் ஓடைக்கரை மரங்களின் இலைகளில் இருக்கும் நைட்ரஜனில் 22 முதல் 24 விழுக்காடு மீன் வழியாக வந்தது. ஏறக்குறைய கால் பங்கு.

மனித முடியிலும் இதே சோதனையைச் செய்யலாம். கடல் மீன் அதிகம் சாப்பிடுகிறவர்களின் முடியில் நைட்ரஜன் 15 கூடுதலாக இருக்கும். அம்மாவின் கறிவேப்பிலை இலையைக் கொண்டுபோய்ச் சோதித்தாலும் மலாக்கா நீரிணை கொஞ்சம் தெரியக்கூடும். அந்த மோட்டார் மீன்காரர்தான் எங்கள் ஊர்க் கரடி.

இதையெல்லாம் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கரடிக்குச் சிரித்தார். நைட்ரஜனுக்கு "ம்" கொட்டினார். அலாஸ்காவின் ஹேன்சன் ஓடையைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

ஹேன்சன் ஓடை நீளத்தில் சுமார் 2 கிலோமீட்டர்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குவின்னும் அவருடைய மாணவர்களும் அங்கே செத்த சால்மன்களை எண்ணினார்கள். எண்ணிய மீனை மறுநாள் மறுபடி எண்ணிவிடக் கூடாதே என்று தூக்கிக் கரையில் வீசினார்கள். வீசுவதுதான் வீசுகிறோம், ஒரே கரையில் வீசினால் பிற்காலத்தில் இரண்டு கரை மரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 20 ஆண்டுகள் வீசினார்கள். 217,000 மீன்களுக்கு மேல். எடை 267,000 கிலோவுக்கும் அதிகம். 2018இல் முடிவு வெளிவந்தது. மீன் விழுந்த கரையில் ஸ்ப்ரூஸ் மரங்களின் வளர்ச்சி வேகம் கூடியிருந்தது. இலைகளிலும் கடல் நைட்ரஜன் ஏறியிருந்தது.

"இருபது வருஷம் ஒரே பக்கமா வீசுனா தோள்பட்டை என்னாத்துக்கு ஆகும் பாப்பா?" என்று கேட்டார் அம்மா.

வேறு யார் கேட்டிருந்தாலும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டிருப்பேன். அம்மா 17 வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்து 22 ஆண்டுகள் வேலை செய்தவர். அதில் பெரும்பகுதி உரம் போடும் வேலை. உர மூட்டை ஒன்று 50 கிலோ. சாலை ஓரத்தில் வரிசையாக இறக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கி, வாளியில் கொட்டி, அந்த வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நிரைக்குள் போக வேண்டும். ஒரு மரத்துக்கு இத்தனை மங்கு என்று கணக்கு. மரத்தைச் சுற்றி நடந்து, கையால் வட்டமாக வீச வேண்டும். ஒரே கை. வலது கை. வெள்ளை உரம் யூரியா, சிவப்பு உரம் பொட்டாஷ். மழை தூறினால் உரம் இளகி வாளியிலிருந்து வழிந்து தொடையில் இறங்கும். வியர்வையோடு சேர்ந்தால் எரியும். மாலையில் மண்டோர் காலி மூட்டைகளை எண்ணி வாங்குவார், யாரும் உரத்தை ஓடையில் கொட்டிவிட்டு வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள. சட்டை மாற்ற நான் உதவிய வயதில் அம்மாவின் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும். இன்றும் அப்படித்தான்.

செம்பனைக்குக் கரடியும் இல்லை, மீனும் இல்லை. அதன் நைட்ரஜன் வேறு வழியில் வருகிறது. நம் நாட்டில் சரவாக்கின் பிந்துலுவிலும் கெடாவின் குருணிலும் இயற்கை எரிவாயுவிலிருந்து அமோனியா செய்து, அதை யூரியாவாக்குகிறார்கள். கடலடியிலிருந்து வரும் வாயுவானால் அதுவும் ஒரு வகையில் கடல் மேலே ஏறி வருவதுதான். குழாயில் ஏறி, ஆலையில் ஏறி, லாரியில் ஏறி, கடைசி 10 அடியை ஒரு பெண்ணின் கையில் கடக்கிறது.

மே தினம் வந்தால் நம் வானொலிகளிலும் மேடைகளிலும் ஒரு வரி தவறாமல் வரும். நம் முன்னோர் இந்த மண்ணுக்கு உரமானார்கள். நல்ல வரி. உணர்ச்சியோடு வாசிக்க வசதியான வரி. நானும் வாசித்திருக்கிறேன், இனியும் யாராவது எழுதிக் கொடுத்தால் வாசிப்பேன். சால்மன் கதையை அந்த வரியோடு முடிச்சுப் போட்டு ஒரு நிகழ்ச்சி செய்யலாமா என்று அம்மாவிடமே கேட்டேன்.

"யாரு உரமானா?" என்றார். "நாங்க உரம் போட்டவங்க."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. உரமாவது மீனுக்குச் சரி, அதற்குச் சம்பளச் சீட்டு இல்லை. உரம் போட்டவருக்குப் பெயர் உண்டு, பெரட்டில் கூப்பிட்ட பெயர், நாள் கூலி உண்டு, அந்தக் கூலியில் பிடித்தம் உண்டு. உரமானார்கள் என்று சொல்லும்போது இதெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போய்விடுகிறது.

நம் பக்கத்தில் இப்படி ஆறேறும் மீனே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் தாத்தாவிடம் போக வேண்டும். அம்மாவின் அப்பா. கொள்ளிடக் கரையில், அணைக்கரைக்குப் பக்கத்துக் கிராமம். 1937இல் 15 வயதில் தன் அப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ஊரைப் பற்றி அதிகம் பேசாத அவர் சலிக்காமல் பேசிய ஒன்று உல்லம் மீன். ஆடியில் புதுத் தண்ணீர் வந்தால் கடலிலிருந்து உல்லம் ஏறும். வெள்ளித் தகடுபோல இருக்கும். முள் கணக்கில்லாதது, சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். அணைக்குக் கீழே மேலே போக வழியில்லாமல் கூட்டமாக நிற்கும், ஊரே வலையோடு இறங்கும் என்பார்.

உல்லத்தைத்தான் வங்காளிகள் இலிஷ் என்கிறார்கள். தெலுங்கில் புலசா. கோதாவரிக் கரையில் தாலியை விற்றாவது புலசா சாப்பிட வேண்டும் என்று சொல்வார்கள். இது சால்மனைப்போல முட்டையிட்டதும் கட்டாயம் சாகிற மீன் அல்ல. பலவும் கடலுக்குத் திரும்பிவிடும். ஆனாலும் ஏறி வரும்போது கடலை ஏற்றிக்கொண்டுதான் வரும். முட்டையாக, கழிவாக, வழியில் சாகிறவற்றின் உடம்பாக, வலையில் விழுந்து கரையோர மனிதர்களின் சோற்றில் சேர்வதாக.

காவிரியில் அது ஏறிய காலம் முடிந்துவிட்டது. கொள்ளிடத்தில் கீழணை ஏற்கெனவே வழியை மறித்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் அந்த அணைக்கட்டில் உல்லத்துக்குச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைக்கக்கூட முயன்று பார்த்தார்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. புதுத் தண்ணீர் பழையபடி பெருகி வருவது நின்றது. தண்ணீர் வராதபோது மீனுக்கு அழைப்பு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா கப்பல் ஏறியபோது அணைக்கு வயது 3. அவர் கண்டது அந்த மீன் கூட்டத்தின் கடைசிப் பருவங்களாக இருக்க வேண்டும். கங்கையிலும் 1975இல் ஃபராக்கா அணை வந்தபிறகு, அலகாபாத் வரை ஏறிய இலிஷ் கீழேயே நின்றுபோனது.

மலேசியாவிலேயே உல்லத்துக்கு ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. சரவாக்கின் தெருபோக். பத்தாங் லுப்பார் போன்ற பெரிய ஆறுகளின் முகத்துவாரங்களில் வாழ்வது. அதே வெள்ளி, அதே முள். எல்லாம் ஆணாகத் தொடங்கி, பிறகு பெண்ணாக மாறும் விசித்திரப் பிறவி. முட்டைக்காகப் பெரிய மீன்களையே குறிவைத்துப் பிடித்ததில் அதன் கூட்டமும் மெலிந்துவிட்டது. பெரியவை எல்லாம் பெண் என்பதை யோசித்தால் காரணம் புரியும். கூச்சிங் போகிறவர்கள் உப்பிட்ட தெருபோக் வாங்கி வருவார்கள். ஒருமுறை அம்மாவுக்கு வாங்கிப் போனேன். முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் அடுக்கிக்கொண்டே, "அப்பா இருந்தா கண்ண மூடிக்கிட்டுத் தின்னிருப்பாரு" என்றார்.

சாஆவில் மீன் நிலத்தில் ஏறியதை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2023 மார்ச் வெள்ளம். சிகாமட், யோங் பெங், பத்து பகாட் எல்லாம் தண்ணீரில் நின்ற அந்த வாரங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அம்மா நிவாரண மையத்தில் இருந்தார். சாலை திறந்ததும் வந்தேன். வீட்டைக் கழுவி முடித்துவிட்டு, பழைய தோட்டப் பக்கம் ஒரு நடை போனோம். செம்பனை நிரைகளுக்கு நடுவே, வற்றிய குட்டைகளில், கெளுத்தியும் விராலும் செத்துக் கிடந்தன. வெள்ளத்தோடு ஏறி வந்தவை, இறங்கும்போது வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவை. இவை கடல் மீன் இல்லை. ஆற்று மீனும் வாய்க்கால் மீனும்தான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இந்த நிரைக்கு இந்த வருஷம் ஒரு மங்கு குறைச்சிப் போடலாம்" என்றார். வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. கை மறந்தாலும் கணக்கு மறக்கவில்லை.

எங்கள் வகுப்பில் என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் இன்று ஊரில் இல்லை. சிங்கப்பூர், ஜொகூர் பாரு, கிள்ளான் பள்ளத்தாக்கு என்று போய்விட்டார்கள். தீபாவளிக்கும் இறப்புக்கும் வருகிறார்கள். அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார். கோலாலம்பூருக்கு வாருங்கள் என்றால் கறிவேப்பிலையைக் காரணம் சொல்கிறார். அன்று திரும்பி நடக்கும்போது, நாங்களும் சால்மன் மாதிரிதானம்மா, எங்கே போனாலும் பிறந்த இடத்துக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அறிவிப்பாளர் புத்தி.

"அது சாகறதுக்கு வருது. நீ மாசம் ஒரு தடவ சாப்பிட வந்தா போதும்."

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். மோட்டார் மீன்காரர் வருவது நின்றுவிட்டது. அதனால் புறப்படுமுன் பசாரில் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன்.

போன மாதம் போயிருந்தபோது கதையின் பின்பாதியைச் சொன்னேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அணைகளாலும் அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் சால்மன் வரத்து சுருங்கிவிட்டது. வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, கலிபோர்னியா ஆறுகளுக்கு முன்பு மீன் கொண்டுவந்து சேர்த்த நைட்ரஜன், பாஸ்பரஸில் 6 முதல் 7 விழுக்காடுதான் இப்போது வருகிறது என்று 2000இல் ஒரு கணக்கு வெளிவந்தது. ஓடைகள் பட்டினி. ஆகவே மனிதர்கள் மீன் வேலையைச் செய்கிறார்கள். குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் முட்டை எடுத்த பிறகு மிஞ்சும் செத்த மீன்களை லாரியில் ஏற்றி, மலை ஓடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடப் போகிறார்கள். தொலைபேசியில் அந்தப் படங்களைக் காட்டினேன். முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு மீனை வாலைப் பிடித்து வீசுகிறார்கள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நாள் கூலி எவ்வளவு?"

"கூலி இல்லம்மா. தொண்டுக்குச் செய்யிறாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

படத்தை விரலால் பெரிதாக்கினார். அவருக்கு அது இப்போது நன்றாக வருகிறது. மீனைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கையுறை போட்டிருக்காங்க," என்றார். "எங்களுக்குக் குடுக்கல."